அங்கே கற்கள் வழுக்குமா

லோம், 2 செப்டம்பர் 2013

மதிப்பிற்குரிய மித்ரா அக்காவுக்கு,

லூபென் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் உறையைப் பிரித்திருந்தால் நன்றி.

இந்த வசந்தத்தில் மருந்துக்கடையை ஒரு இளம்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். நல்லவள், சீட்டுகளை இரண்டு முறை படிக்கிறாள். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. படிப்புக்காகச் சோபியாவிலும் ராணுவத்துக்காக விதினிலும் இருந்ததைத் தவிர நான் எங்கும் போனதில்லை. பார்ப்பதற்கென்று ஒரு ஊருக்குப் போனதே இல்லை. இரண்டு இரவு தங்கி ஒரு பழைய நகரத்தைப் பார்த்து வந்தால் என்ன என்று தோன்றுகிறது. பிளோவ்திவ் நன்றாக இருக்கும் என்கிறார்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் சில விஷயங்களை உங்களிடம் கேட்கலாமா என்று யோசித்தேன்.

பழைய பேட்டையில் தெருக்கள் எல்லாம் கல் பாவியவை என்று படித்தேன். அந்தக் கற்கள் வழுக்குமா? என் காலணிகள் தோல் அடி வைத்தவை. இலையுதிர் காலத்தில் மாலையில் எவ்வளவு குளிரும்? ஓட்டல் நல்லதா, வீட்டில் அறை கொடுக்கிறார்களே அது நல்லதா? தனியாகப் போகிற கிழவனுக்கு எங்கே கேள்வி குறைவாக இருக்கும்?

போன வாரம் நெவேனா தொலைபேசியில் பேசினாள். நீங்கள் நவம்பரில் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்பெயினில், வலென்சியாவில், மகளான தன்னிடமே போய் இருந்துவிடப் போவதாகச் சொன்னாள். அதற்கும் என் பயணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

பதில் எழுத விருப்பமில்லை என்றால் காலணி பற்றி மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
லூபென்


பிளோவ்திவ், 9 செப்டம்பர் 2013

லூபென்,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? பதினோரு வருஷம் பேசாமல் இருந்தால் மரியாதை முளைத்துவிடுமா? இன்னொரு முறை அப்படி எழுதினால் உறையோடு திருப்பி அனுப்புவேன்.

கற்கள் வழுக்கும். மழைகூட வேண்டாம், பனி இறங்கினாலே போதும். ஆற்றில் கிடந்து தேய்ந்த கூழாங்கல் மாதிரி இருக்கும், மேட்டுத் தெருவில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் அடி வைத்த காலணி வாங்கு. மேல்சட்டை கொண்டு வா. ஓட்டல் வேண்டாம், அறை எடு. எங்கே போனாலும் கேள்வி கேட்பார்கள், இது லோம் இல்லை, இங்கே பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள்.

நீ ஊர் பார்க்கக் கிளம்புகிறாய் என்று படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அம்மாவின் இதயத்துக்கு இங்கே மருத்துவரைப் பார்த்துப் பேசி, மருத்துவமனையில் கட்டில் ஏற்பாடு செய்து, காரை எடுத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றேன். நீ கதவை அடைத்துக்கொண்டு நின்றாய். "அக்கா, இந்தப் பயணத்த அம்மா தாங்கமாட்டா. சோபியா தாண்டமாட்டா" என்றாய். ஜனவரியில் அவளைப் புதைத்தோம். கல்லறையில் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: பயந்தது அவள் இல்லை, நீ. உன் பயத்தை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டாய்.

அதே ஆளுக்கு இப்போது நகரம் பார்க்க வேண்டுமாம்.

என் வீட்டுக்கு வருவதாக நீ எழுதவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

மித்ரா


லோம், 20 செப்டம்பர் 2013

அன்புள்ள அக்கா,

ரப்பர் அடிக் காலணி வாங்கிவிட்டேன். தினமும் மாலையில் தன்யூப் ஆற்றங்கரைவரை போட்டுக்கொண்டு நடந்து பழக்குகிறேன். இடது குதிகாலில் கடிக்கிறது, சரியாகிவிடும்.

கல்லறையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மாவின் நாடியை நான்தான் பார்த்தேன், மாத்திரைகளை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அவள் தாங்கமாட்டாள் என்று சொன்னது மருந்தாளன் லூபெனா, ரயிலைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும் லூபெனா என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை அக்கா. தெரிந்திருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயம் சொன்னால் கேலி செய்யக் கூடாது. போன வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். நிலையத்துக்குப் போனேன். சீட்டு கொடுக்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும், அவள் பிள்ளைகளுக்கெல்லாம் இருமல் மருந்து நான்தான் கொடுத்தேன்.

"எங்க போறீங்க ஐயா?"

"புருசார்ட்சிக்கு."

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் போய் என்ன பண்ணுவீங்க?"

"திரும்பி வருவேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் நான் பிறரிடம் கேட்ட கேள்வி. போனேன், அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன், திரும்பினேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இன்னும் தள்ளி மெஸ்த்ராவரை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய பேட்டைக்கு அருகில் ஒரு அம்மாள் வீட்டில் அறை பேசிவிட்டேன். காலை உணவு உண்டாம். முதல் நாள் மேட்டுத் தெருக்கள், இரண்டாம் நாள் பூமிக்கடியில் கிடக்கும் ரோமர் மைதானம், பிறகு ஆற்றுப் பாலம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தேன். உன் தெருவின் பெயர் அதில் இருக்கிறது.

நான் வருவது புனித திமித்தர் திருநாளை ஒட்டி. அவர் பெயரை வைத்திருக்கும் உனக்கு அது பெயர்நாள் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. எனவே அழைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

லூபென்


பிளோவ்திவ், 28 செப்டம்பர் 2013

லூபென்,

புருசார்ட்சிக்குப் போய்த் திரும்பி வந்தாயா! அங்கே நிலையத்தில் பெஞ்சைத் தவிர என்ன இருக்கிறது? மேல்மாடி ஸ்தோயாங்காவிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "பாவம்டி, ஒரு நாள் வரட்டும்" என்றாள். அவளுக்கென்ன, அவளா கல்லறையில் நின்றாள்?

இது பிளோவ்திவில் என் கடைசித் திமித்தர் நாள். அதற்குப் பிறகு பெட்டி கட்டுகிறேன். எங்கள் வீட்டில் எப்படிக் கொண்டாடினோமோ அப்படித்தான் இங்கேயும் இத்தனை வருஷமும் கொண்டாடியிருக்கிறேன்: சேவல் குழம்பு, பூசணிச் சுருள், அக்ரூட் போட்ட ஆப்பிள். கதவைத் தாழ்போட மாட்டேன். படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். வழக்கத்தை உனக்காக மாற்றப் போவதில்லை. உனக்காகத் திறந்து வைக்கவும் இல்லை, உனக்கென்று மூடவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்று. வந்தால் அம்மாவைப் பற்றிப் பேசாதே. வந்தவர்கள் முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

குதிகாலுக்குள் பஞ்சு வை. மருந்தாளனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மித்ரா


பிளோவ்திவ், 27 அக்டோபர் 2013, ஞாயிறு காலை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை உன் நகரத்திலிருந்தே எழுதுகிறேன். தபாலில் போடாமல் உன் பெட்டியிலேயே போட்டிருக்கலாம். மறுபடி அந்தப் படிகளில் ஏற என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தேன். சோபியாவில் ரயில் மாறும்போது நடைமேடை மாற்றி அறிவித்தார்கள். ஓடினேன். மூச்சு வாங்கியதே தவிர வேறொன்றும் இல்லை. நம் தோட்டத்திலிருந்து திமித்தர் பூக்கள் கொண்டு வந்திருந்தேன், அம்மா வைத்த அதே ஊதா நிறச் சாமந்திப் புதர். வழியில் ஒரு தண்டு முறிந்து பூக்கள் இரட்டைப்படையாகிவிட்டன. இறந்தவர்களுக்குத்தான் இரட்டைப்படை. அதனால் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்தேன். "எனக்கா?" என்று சிவந்துபோனாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று, திமித்தர் நாளன்று, நண்பகலுக்குப் பிறகு பாலத்தைத் தாண்டி வந்தேன். பல முறை மணி அடித்தேன். பிறகு தட்டினேன். சேவல் குழம்பின் வாசனை இல்லை. உள்ளே பேச்சுக்குரல் இல்லை. தாழ் போட்டிருந்தது. படியில் உட்கார்ந்திருந்தேன். மேல்மாடியிலிருந்து ஒரு பெண் குப்பை வாளியுடன் இறங்கினாள்.

"யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க."

"பூவும் கையுமா உக்காந்திருக்கீங்க?"

"கட்டடம் மாறி வந்துட்டேன் போல."

அவள் கீழே இறங்கியதும் பூக்களை உன் கதவோரம் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ எழுதியதை நான் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். மூடமாட்டேன் என்றுதான் இருந்தது. ஆனால் என் தலை கதவின் துளையில் தெரிந்ததும் உன் மனம் மாறியிருக்கலாம். அதற்கு உனக்கு உரிமை உண்டு. கோபமாக எழுதவில்லை. இந்தப் பயணத்தை முடித்தேன் என்பதே எனக்குப் பெரிது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ரோமர் மைதானத்தைப் பார்க்கவில்லை. கற்கள் நீ சொன்னபடியே வழுக்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வலென்சியாவில் உடம்பைப் பார்த்துக்கொள். இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போடு, இரவில் போடாதே.

லூபென்


பிளோவ்திவ், 30 அக்டோபர் 2013

அட முட்டாளே, லூபென்!

ஹிசாரியாவில் வெந்நீர் ஊற்றில் முட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தேன் அன்றைக்கு! சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை வந்தேன். வீட்டில் ஆளே இல்லை. கதவின் துளையாம், மனம் மாறியதாம்! கதவோரத்தில் பூக்கள் சாய்ந்து கிடந்தன. யாரோ செத்துப்போனதாக நினைத்து எண்ணிப் பார்த்தேன். ஒற்றைப்படை. அப்புறம்தான் நிறத்தைப் பார்த்தேன்.

ஸ்தோயாங்கா வந்து சொல்கிறாள்: "ஒரு பெரியவர்டி, பூவோட படியில உக்காந்திருந்தாரு. யாருன்னு கேட்டா கட்டடம் மாறிட்டேங்கறாரு. நல்ல காலணி போட்டிருந்தாரு. உன் ஜாடை இருந்துச்சு, ஆனா உன்னோட வாய் இல்ல." தம்பி என்று சொல்ல வாய் வரவில்லையா உனக்கு? என் தம்பி என்று சொன்னால் அவள் உன்னைத் தன் வீட்டில் உட்கார வைத்து, நான் வரும்வரை திணித்துத் திணித்துச் சாப்பிட வைத்திருப்பாளே!

திமித்தர் நாள் எட்டாம் தேதி. நவம்பர் எட்டு! நம் வீட்டில் என்றைக்கு இருபத்தாறில் கொண்டாடினோம்? நான் பிறந்ததிலிருந்து லோமை விட்டுக் கிளம்பும்வரை, அம்மா எட்டாம் தேதிதான் சேவலை அறுப்பாள். தேவாலயம் பிறகு நாட்காட்டியை மாற்றியது. ஊரே மாறிக்கொண்டது. நான் மாறவில்லை. லோமில் அம்மாவும் மாறியிருக்க மாட்டாள் என்று தெரியும். அவள் அங்கே மேசை போடும் நாளில் நான் இங்கே போடுகிறேன் என்பதுதான் எனக்கு இந்த ஊரில் முதல் பல வருஷம் ஆறுதலாக இருந்தது. புகையிலைக் கிடங்கில் வேலை, தெரிந்த முகம் ஒன்று இல்லை, ஆனால் அந்த ஒரு மாலை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ரயில், அறை, காலணி, பஞ்சு எல்லாம் எழுதினாய். தேதியை மட்டும் எழுதவில்லை. வாழ்க்கை முழுக்க மருந்துப் புட்டியில் தேதி பார்த்தவன்!

பன்னிரண்டாம் தேதி விமானம். பூக்களைத் தண்ணீரில் வைத்திருக்கிறேன்.

மித்ரா


லோம், 2 நவம்பர் 2013

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். பிறகு அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

தேதியை எழுதத் தோன்றவில்லை. இந்த வீட்டில் திமித்தர் நாள் அக்டோபர் இருபத்தாறுதான். நீ இதை நம்பமாட்டாய், ஆனால் சொல்லாமல் இருப்பது சரியில்லை. நீ அறுபத்தொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் பிளோவ்திவுக்குப் போனாய். புதிய தேதி வந்த முதல் இலையுதிர் காலம் அதுதான். அப்பா பழைய நாளே போதும் என்றார். அம்மா கேட்கவில்லை. இருபத்தாறாம் தேதியே சேவலை அறுத்துவிட்டாள். சமையலறையில் அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது:

"மித்ரா இப்ப பெரிய ஊர்ல இருக்கா. அங்க எல்லாரும் புதுசுலதான் கொண்டாடுவாங்க. அவ தனியா மேசை போடுவா. நான் இங்க வேற நாள்ல போட்டா அவளுக்குத் தொணைக்கு யாரு?"

அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படியே. உன் பெயருக்கு ஒரு தட்டு வைப்பாள். கடைசி வருஷம் எழுந்து நிற்க முடியாமல் இருந்தபோது சுருளை நான்தான் செய்தேன். மாவு கிழிந்துவிட்டது, திட்டினாள்.

தொலைபேசி வந்த பிறகு இருபத்தாறாம் தேதி உன்னோடு பேசுவாளே, அப்போது நீ என்ன நினைத்தாய்?

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு வர வேண்டுமா என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்பதும் தெரிகிறது. முதல் முறை போவதைவிட இரண்டாம் முறை எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது, ஏன் என்று புரியவில்லை. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியாது. இப்போது தெரியும்.

லூபென்


பிளோவ்திவ், 4 நவம்பர் 2013

லூபென்,

முன்கூட்டியே வாழ்த்துகிறாள் என்று நினைத்தேன். நாள் வரும்போது மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொள்கிறாள் என்று. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அவளோ சேவலை இறக்கி வைத்துவிட்டு வந்து பேசியிருக்கிறாள்.

முப்பத்துச் சொச்சம் வருஷம் அவள் எனக்கென்று என் நாளில் போட்டாள், நான் அவளுக்கென்று அவள் நாளில் போட்டேன். ஒரு தடவைகூட ஒன்றாக உட்காரவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் காரில் ஏற மறுத்தாளா, நீ அவளுக்காக மறுத்தாயா, அல்லது உன்னைத் தனியாக விட்டுப் போக வேண்டாம் என்று அவள் உன் பயத்தைத் தன் பயமாகச் சொன்னாளா என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. அவள் யாருக்காக எதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சேவல் விஷயத்திலேயே தெரிந்திருக்கவில்லை.

அழைக்க மாட்டேன். அழைக்கும் வழக்கம் இல்லை.

பஞ்சை மாற்று.

மித்ரா


வலென்சியா, 3 டிசம்பர் 2013

தம்பி,

விமானத்தில் பயமாக இருந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நெவேனாவிடம் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

இங்கே வெயில் அடிக்கிறது, டிசம்பரில்! ஆரஞ்சு மரங்கள் தெருவிலேயே நிற்கின்றன, யாரும் பறிப்பதில்லை. ஒன்றைப் பறித்துக் கடித்தேன், கசந்தது. நெவேனா தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டாம் தேதி வந்தபோது உன் கழுத்துத்துணியை என் நாற்காலியிலேயே விட்டுவிட்டாய். கொண்டு வந்துவிட்டேன். அன்று நீ மேல்சட்டையைக் கழற்றாமல் கதவோரமாகவே உட்கார்ந்திருந்ததை ஸ்தோயாங்கா போன மாதம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாளாம். "ரயிலுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருந்தாரு, ஆனா மூணு தட்டு சாப்ட்டாரு." நீ சாப்பிட்டதை நானும் பார்த்தேன். அம்மா தட்டைக் காலி செய்வது மாதிரியே ரொட்டியால் துடைத்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சமையலறைக்குள் போனேன், உப்பு எடுக்க இல்லை.

ஸ்பெயினில் திமித்தர் யாரென்றே தெரியாது. இருந்தாலும் அடுத்த வருஷம் இருபத்தாறாம் தேதி ஒரு மேசை போடுவேன், எட்டாம் தேதி ஒரு மேசை போடுவேன். நெவேனா, "ரெண்டு எதுக்கும்மா? பைத்தியமா?" என்கிறாள். இரண்டு நாளும் தாழ் போடமாட்டேன். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மித்ரா


லோம், 14 டிசம்பர் 2013

அன்புள்ள அக்கா,

கழுத்துத்துணி உன்னிடமே இருக்கட்டும், காற்றுக்கு உதவும்.

அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் நீ என்னைக் காட்டி, "இவன் என் தம்பி. எங்க அம்மாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவன்" என்று சொன்னாய். அம்மாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நீதான் சொல்லியிருந்தாய். அதைக் கேட்டுத்தான் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினேன். அப்போது சொல்லாததை இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. வந்ததாக எடுத்துக்கொள்.

சாமந்திப் புதரை வெட்டி வைக்கோல் போட்டு மூடிவிட்டேன். தன்யூபிலிருந்து மூடுபனி எழுகிறது. மெஸ்த்ராவில் இப்போது எந்த நடைமேடையில் ரயில் வரும் என்று கேட்காமலே எனக்குத் தெரியும்.

நூலகத்தில் வலென்சியாவின் வரைபடம் ஒன்று கிடைத்தது. பழைய பேட்டையும் ஒரு ஆறும் இருக்கின்றன. ஆறு வற்றிவிட்டது என்று போட்டிருக்கிறது, அப்படியானால் பாலத்தைத் தாண்டுவது எளிது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டும், அவசரம் இல்லை.

அங்கே தெருக்கள் கல் பாவியவையா? அக்டோபரில் வழுக்குமா?

லூபென்